தனி ராஜாவுக்கு அரைப் பாயின்ட்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் சுடலைக்கண்ணு பாத்திரக்கடை வைத்திருந்தார். கீழே கடை. மாடியில் சீர்வரிசைச் சாமான்கள். அண்டாக்களைச் சுவரோரம் ஒதுக்கி ஜமக்காளம் விரித்தால் ஆறு செஸ் பலகை போட இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு ஆட்கள் வந்து சேர மூன்று மணி ஆகும். ஏழு மணிக்கு எல்லாரும் எழுந்துவிட வேண்டும். ஏழரைக்கு விளாத்திகுளம் போகும் கடைசி வண்டி. அதை விட்டால் பாதிப் பேருக்கு வீடு கிடையாது.

செஸ் ஆட்டம் பஸ் நேரம் பார்த்து முடிவதில்லை. அடுத்த வாரம் தொடரலாம் என்றால் அடுத்த வாரம் யாருக்காவது களையெடுப்பு இருக்கும், கோயில் கொடை விழா இருக்கும். மழை பெய்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஆளையே பார்க்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. ஏழு மணிக்கு முடியாமல் கிடக்கும் ஆட்டங்களுக்குச் சுடலைக்கண்ணு தீர்ப்புச் சொல்வார். ஜெயித்தவருக்கு ஒரு பாயின்ட், டிரா என்றால் ஆளுக்கு அரை. மாடியில் இருந்த ஒரே நாற்காலி அவருடையது.

அவர் பெரிய ஆட்டக்காரர் அல்ல. திருநெல்வேலியில் காலேஜ் ஹாஸ்டலில் செஸ் கற்றார். காலேஜ் முடியவில்லை, செஸ் மட்டும் தங்கியது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் பத்தொன்பது வயதில் கடையில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படியேறும்போதே ஆளைச் சொல்லிவிடுவார். இவர் வாங்குவார். இவர் விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார். இந்த அம்மா அடுத்த கடைக்குப் போய்விட்டு இங்கேயே திரும்பி வரும். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

தீர்ப்பும் அதே முறைதான். பலகையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஆட்களை அதைவிட அதிக நேரம் பார்ப்பார்.

ஒரு தடவை சிவனாண்டிக்கு இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தது. குளத்தூரில் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை அவன். சுடலைக்கண்ணு டிரா என்றார்.

"அண்ணாச்சி, ரெண்டு சிப்பாய் கூட இருக்கே!"

"இருக்கு. ஆனா ஒனக்குப் பசி வந்துட்டுல்லா? பசி வந்தா நீ யானையச் சும்மா குடுத்துருவ. போன மாசம் ரெண்டு தடவ குடுத்த."

சிவனாண்டி யோசித்துப் பார்த்தான். "வாஸ்தவந்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

தன் மச்சினனுக்கு எதிராகவே பல தடவை தீர்ப்புச் சொன்னவர் என்பதால் யாருக்கும் அவர் மேல் சந்தேகம் இல்லை. இந்த ஆட்டம் தொடர்ந்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னார். மற்றவர்களும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தார்கள்.

தொண்ணூற்றேழில் ஜெயப்பிரியா வந்து சேர்ந்தாள். விளாத்திகுளத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே மிளகாய்க் கமிஷன் கடை. அவளுக்குக் கோவில்பட்டி மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர் வேலை. ஞாயிறு வகுப்பு இல்லாததால் மாடிக்கு வருவாள். வந்த இரண்டாம் மாதமே மாடியில் பாதிப் பேரைத் தோற்கடித்தாள்.

தகராறு வந்தது குருசாமியுடன் ஆடிய ஆட்டத்தில். குருசாமிக்கு இடைசெவலில் பருத்திக்காடு. தோல்வியை ஒப்புக்கொள்வது என்பது அவரிடம் கிடையாது. எல்லாக் காயும் போன பிறகும் ஒற்றை ராஜாவை வைத்துக்கொண்டு பலகை முழுக்கச் சுற்றுவார். யோசிக்கும்போது வீட்டுத் தெலுங்கில் முனகுவார். அன்றைக்கு ஏழு மணிக்கு அவரிடம் ராஜா மட்டும் இருந்தது. ஜெயப்பிரியாவிடம் ராஜா, ஒரு குதிரை, ஒரு பிஷப்.

புத்தகப்படி இது ஜெயித்த ஆட்டம். சுடலைக்கண்ணுவுக்கும் அது தெரியும். ஆனால் குதிரையையும் பிஷப்பையும் மட்டும் வைத்து மேட் பண்ணுவது லேசு அல்ல. ஐம்பது நகர்வுக்குள் முடிக்காவிட்டால் டிரா என்பது சட்டம். அந்த மாடியில் அதற்கு முன் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஒருவரும் முடித்ததில்லை.

"டிரா" என்றார் சுடலைக்கண்ணு.

குருசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜெயப்பிரியா எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இது? ரெண்டு காய் கூட இருக்கு. அவியகிட்ட ஒண்ணுமே இல்ல."

"டீச்சர், இத ஜெயிக்கத் தெரிஞ்ச ஆளு கோவில்பட்டியில இல்ல. ஒங்களுக்கும் தெரியாது. தெரியுமா?"

அவள் பஸ் கிளம்பும் நேரம் வரை பலகையையே பார்த்தாள். தெரியாது. வெளியே கண்டக்டர் விசில் அடித்தார். எழுந்து ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். ஒரு குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, நம்ம ஆட்டத்தக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். எனக்கு ஏழு பாயின்ட் சொல்லுது."

"ஏழா? ஆட்டத்துக்கு இருக்கதே ஒரு பாயின்ட்தான டீச்சர்."

"அது வேற கணக்கு. ஏழு சிப்பாய் கூட இருக்க மாதிரின்னு அர்த்தம். ஜெயிச்ச ஆட்டம்னு சொல்லுது."

"சொல்லட்டும். அதுக்குக் குருசாமியத் தெரியுமா? ஒங்களத் தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? பலகையத் தெரிஞ்சாப் போதாதா?"

குடம் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். பொழுது போகாமல் கடையில் உட்கார்ந்திருந்த தங்கசாமி செஸ் கிளப்பில் மூத்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "அப்பொ இனிமே தீர்ப்ப அதுகிட்டயே கேட்டுருவோமே. அண்ணாச்சிக்கும் முட்டிவலி. ஒவ்வொரு பலகையா எந்திரிச்சுப் போவ வேண்டாம் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சுடலைக்கண்ணுவும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. "சரி. ஜெயிச்ச ஆட்டம்னா ஜெயிச்சுக் காட்டட்டும். இந்த ஆட்டத்த மேட் பண்ணிக் காட்டிட்டா நான் அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சிருதேன். அதுக்குப் பெறகு எந்தப் பலகைக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்."

மிஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். கடைசி வாக்கியம் தெருவரைக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிறு மாடியில் ஜமக்காளம் விரிக்கவில்லை. எல்லாரும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள். வாசலில் ஜெயப்பிரியா நிறுத்தினாள்.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. தூசி ஆகாது."

"கோயிலுக்குள்ள போற மாதிரில்லா இருக்கு" என்றார் தங்கசாமி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏசி ஓடியது. குருசாமி உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் துண்டைத் தலையில் சுற்றிக் காதை மூடிக்கொண்டார். தன் ராஜா எங்கே போக வேண்டும் என்று அவர் விரலால் காட்ட, ஜெயப்பிரியா நகர்த்தினாள். எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டர் தானே ஆடியது.

முதலில் சுறுசுறுப்பாகத்தான் ஆடியது. ராஜாவை நடுவிலிருந்து விரட்டி ஓரத்துக்குக் கொண்டுபோனது. சுடலைக்கண்ணு திரைக்குக் கிட்டே குனிந்தார். குருசாமி முனகிக்கொண்டே ஒரு வெள்ளை மூலைக்குள் போய் ஒதுங்கினார். பிஷப் ஓடுவதோ கறுப்புக் கட்டங்களில். அது வெள்ளை மூலையைத் தொட முடியாது. குதிரை கிட்டே வந்தது. திரும்பிப் போனது. பிஷப் கோடியிலிருந்து கோடிக்குப் போய் வந்தது. ராஜா ஒரு கட்டம் வெளியே வந்து மறுபடி மூலைக்குள் போனது. திரையின் ஓரத்தில் ஏழு என்ற எண் மட்டும் குறையவில்லை. இடையில் ஏழேகால் ஆனது.

"என்ன டீச்சர், பாயின்ட் கூடுது, காரியம் ஒண்ணும் நடக்கலையே?" என்றான் சிவனாண்டி.

"ஏலே, அது குருசாமியப் பாத்துப் பயந்துட்டு" என்றார் தங்கசாமி. "துண்டக் கட்டிட்டு உக்காந்திருக்காருல்லா. சுடுகாட்டுக்குப் போற ஆளுன்னு நெனச்சிருக்கும்."

ஐம்பது நகர்வு முடிந்தது. திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. டிரா.

சென்டரில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குருசாமியைத் தூக்காத குறை. சுடலைக்கண்ணு சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? தெரியும்னு சொல்லுதது வேற. செய்யுதது வேற. ஒங்க கம்ப்யூட்டரும் கோவில்பட்டி ஆளுதான்."

ஜெயப்பிரியாவும் சிரித்துவிட்டாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து உறையைப் போட்டாள். "அண்ணாச்சி, அதால முடியல. சரி. என்னால முடியாதுன்னு யார் சொன்னது?"

"நீங்கதான. தெரியாதுன்னு நின்னீங்க."

"போன வாரம் தெரியாது. இந்த வாரம் படிச்சேன். தப்பான மூலைக்கு அது தொரத்துது, நான் சரியான மூலைக்குத் தொரத்துவேன். நீங்க உக்காருங்க. நீங்களே ராஜாவ வச்சுக்கோங்க. பந்தயம் அதேதான்."

சுடலைக்கண்ணு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு அடிக்கப் போகிறது.

"நேரம் ஆயிட்டே டீச்சர். ஒங்க பஸ்ஸு..."

"பஸ்ல வாங்க" என்றாள். கைப்பையிலிருந்து காந்தக் காய் வைத்த சின்னப் பலகை ஒன்றை எடுத்தாள். "ஒரு மணி நேரப் பயணம். அம்பது நகர்வுக்குத் தாராளம்."

எல்லாரும் சுடலைக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் ஆட்களைப் பார்த்துப் பழகியவர், ஆட்கள் அவரைப் பார்ப்பது புதிது. கடைச் சாவியைத் தங்கசாமியிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

விளாத்திகுளம் வண்டியில் பெண்கள் பக்கத்து ஜன்னலோரம் ஜெயப்பிரியாவுக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு இந்தப் பக்கம் மாடத்தி என்ற அம்மாள், பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை விற்றுவிட்டு மிச்சத்துடன் ஊருக்குப் போகிறவள். நடைபாதைக்கு மறுபுறம் சுடலைக்கண்ணு. பலகை வைக்க மாடத்தியின் மடியில் இருந்த கூடையைத் தவிர வேறு இடம் இல்லை.

"என்னம்மா, எங் கூடைய மேசைன்னு நெனச்சிட்டியளா?"

"கொஞ்ச நேரந்தாம்மா. ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு."

"இந்த அண்ணாச்சியவா தோக்கடிக்கப் போற? அப்பொ வையி."

டிரைவர் உள்விளக்கை அணைக்கப் போனார், கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் ரோடு தெரியாது என்றார். சுடலைக்கண்ணு எழுந்து போய்ப் பேசினார். டிரைவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் அவர் கடையில் எடுத்தது. பின்பக்கத்து விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது.

நகர்வுகளை யார் எண்ணுவது என்ற கேள்வி வந்தது. மாடத்தி தானே முன்வந்தாள். ஜெயப்பிரியா ஒரு தடவை நகர்த்தினால் ஒரு கடலையைக் காகிதப் பொட்டலத்தில் போட வேண்டும். கடைசியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் சம்மதம்.

வண்டி ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் அறுத்த கம்பங்காடு இருட்டில் கிடந்தது. சுடலைக்கண்ணுவுக்குத் திட்டம் ஒன்றுதான். குருசாமி செய்ததைச் செய்வது. வெள்ளை மூலைக்கு ஓடினார். ஜெயப்பிரியா தடுக்கவில்லை. மூலைக்குள் போய் உட்கார்ந்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்போதுதான் குதிரை வந்தது. மூலையை விட்டு அவரைக் கிளப்பியது. கிளம்பியவர் திரும்பி உள்ளே போக முடியாதபடி பிஷப் நின்றது. ஓரத்தோடு ஓரமாக, ஒரு கட்டம், இன்னொரு கட்டம் என்று அவர் மறுமூலைப் பக்கம் தள்ளப்பட்டார்.

எட்டயபுரத்தில் கூட்டம் ஏறியது. நின்றவர்களில் நாலைந்து பேர் குனிந்து பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே, "ராஜாவ நடுவ விடுங்க அண்ணாச்சி, ஓரத்துல என்ன சோலி?" என்றார். சுடலைக்கண்ணுவுக்கும் அந்த நேரம் ஒரு வழி தெரிந்தது. ஓரத்தை விட்டு நடுவே பாய்ந்தார். தப்பித்துவிட்டதாகவே தோன்றியது. நின்றவர்கள் "ஆங்" என்றார்கள். ஜெயப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது, காய்கள் அசையவில்லை. பிறகு பிஷப்பை எடுத்துத் தூரத்தில் ஒரு கட்டத்தில் வைத்தாள். ராஜா போக நினைத்த வழி எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

சுடலைக்கண்ணு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்கப் போகிறோம் என்பதுகூட இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது.

"டீச்சர், இத நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா?"

"புத்தகத்துல இருக்கு அண்ணாச்சி. ஆனா புரிய நாலு நாளாச்சு."

விளாத்திகுளத்துக்குக் கொஞ்சம் முன்னால் கறுப்பு மூலையில் மேட் விழுந்தது.

பின்சீட்டிலிருந்து யாரோ கை தட்டினார்கள். "அம்பதுக்குள்ள முடிஞ்சிதா?" என்று கண்டக்டர் கேட்டார். மாடத்தி பொட்டலத்தை நீட்டினாள். பிரித்து எண்ணினார்கள். பத்தொன்பது கடலை இருந்தது.

"பத்தொம்பதா? அதுக்குள்ள எப்படி முடியும்?"

மாடத்தி வாயை மூடிக்கொண்டு மெல்வதை நிறுத்தினாள். "எட்டயபுரம் தாண்டுனதுல இருந்து... அந்த ராஜா தப்பிச்சு ஓடுச்சில்லா, அப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துட்டு. என்ன பண்ணுதோம்னே தெரியல. தின்னுட்டேன் போலுக்கு."

வண்டியில் சிரிப்பு அடங்க நேரமானது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் சங்கதி என்னவென்று புரிந்தது. எண்ணிக்கை போய்விட்டது. ஐம்பதைத் தாண்டியிருந்தால் டிரா. சுடலைக்கண்ணுவின் தீர்ப்பு நிற்கும், நாற்காலியும் நிற்கும்.

"ஒங்களுக்கு எண்ணிக்கை தெரியுமா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. நான் காய மட்டுந்தான் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. முப்பது வருஷம் வாசல்படியைப் பார்த்தவருக்கு அது தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொரு நகர்வாக ஆடிப் பார்த்தார். மூலை, குதிரை, ஓரம், பாய்ச்சல், பிஷப். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியபோது கண்ணைத் திறந்தார்.

"அம்பது ஆகல. நாப்பதுகூட ஆயிருக்காது. மேட்தான்."

"நெசமாத்தானா?"

"நெசந்தான். நாற்காலி போச்சு." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். "இப்ப நான் ஊருக்கு எப்படிப் போறது?"

திரும்பிப் போக வண்டி இல்லை. ஜெயப்பிரியாவின் அப்பா வீட்டில் சாப்பாடு போட்டு, கமிஷன் கடையில் கட்டில் போட்டுக் கொடுத்தார். சுற்றிலும் மிளகாய் வற்றல் மூட்டை. சுடலைக்கண்ணு விடியும் வரை தும்மினார்.

காலை முதல் வண்டியில் அவரும் ஜெயப்பிரியாவும் கோவில்பட்டி வந்து இறங்கியபோது கடை வாசலில் குருசாமி உட்கார்ந்திருந்தார். பருத்தி விதை வாங்க வந்ததாகச் சொன்னார். விதைக்கடை இருப்பது வேறு தெருவில்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. அழுதியளா?"

"மிளகாய்வே."

"சரி சரி. மிளகாய்னே வச்சிக்கிடுவோம். ஆட்டம் என்னாச்சு?"

"மேட். ஓரத்த விட்டு நடுவ பாய்ஞ்சேன், மடக்கிட்டாங்க. ஒரு பாயின்ட் டீச்சருக்கு. ஒமக்கு ஒண்ணும் இல்ல."

குருசாமி எழுந்து நின்றார். "அதெப்படி? தோத்தது நீரு. என் ராஜா இன்னும் உசுரோடதான இருக்கு? பலகையப் பாக்கப்பிடாது, ஆளப் பாக்கணும்னு சொன்னது நீருதான? நான் உக்காந்திருந்தா நடுவ பாய்ஞ்சிருப்பனா? மூலையில கெடந்திருப்பேன்!"

சுடலைக்கண்ணு கடைப்படியில் உட்கார்ந்தார். அவர் பேச்சு அவரிடமே திரும்பி வந்திருந்தது. ஜெயப்பிரியா பின்னால் நின்று சத்தமில்லாமல் சிரித்தாள்.

"இனிமே இந்தத் தீர்ப்பே வேண்டாம்வே. ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சிருவோம். பஸ்ஸுக்குள்ள ஆட்டம் தன்னால முடிஞ்சிரும்."

"பத்து மணிக்கா? அப்பொ கறிச்சோறு?"

"மாடிக்குக் கொண்டாரச் சொல்லுவோம். அண்டாவுக்கா பஞ்சம்?"

குருசாமி அதை யோசித்தார். இத்தனை வருஷம் யாருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்டார். 

"ஞாயித்துக்கெழம கெடக்கட்டும். எங் கணக்க இப்பவே முடிக்கணும்" என்றார். "டீச்சர், பலகைய எடுங்க."

ஜெயப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் தவலைகளை நகர்த்திப் பலகையை வைத்தாள். குதிரை, பிஷப், இரண்டு ராஜா. கடைப்பையன்கள் வந்து சூழ்ந்தார்கள். காலையில் கடையைத் திறந்து வைத்திருந்த தங்கசாமியும் சாவியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

குருசாமி ராஜாவின் தலையில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, தப்பிப்பனா மாட்டனா? சும்மா சொல்லும், ஒரு வார்த்த."

சுடலைக்கண்ணு குருசாமியைப் பார்த்தார். ஜெயப்பிரியாவைப் பார்த்தார். வாய்வரை ஏதோ வந்தது. ஒரு பெரிய தும்மல் போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு என்ன தெரியும்? ஆடும்வே, பாப்போம்."